இல்லாத பெண்ணின் செக் புத்தகம்

சில வருஷங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கதை எழுதுகிறவனுக்குக் கடிதம் வருவது ஓர் அதிசயமல்ல. பாராட்டி எழுதுவார்கள், திட்டி எழுதுவார்கள், "என் வாழ்க்கையையே ஒரு நாவலாக எழுதலாம், நேரில் வந்தால் சொல்கிறேன்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. இந்தக் கடிதம் அந்த மூன்று ஜாதியிலும் சேரவில்லை. தபாலாபீஸில் சேமிப்பு வங்கிப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் எழுதியிருந்தார். கையெழுத்து மணி மணியாக இருந்தது. விஷயம் நாலே வரி.

"உங்கள் நாவலை முழுவதும் படித்தேன். கதாநாயகி கும்பகோணத்தை விட்டு ரயிலேறித் தனியாகச் சென்னைக்கு வருகிறாள். திருவல்லிக்கேணியில் மாடி அறை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் இருக்கிறாள். வாடகை கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் எங்கே இருந்தது? யார் பேரில் இருந்தது? எவ்வளவு தேடியும் எனக்கு அகப்படவில்லை."

நான் முதலில் சிரித்தேன். முப்பது வருஷம் கணக்குப் பார்த்த கண்ணுக்கு வேறென்ன தெரியும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கடிதத்தை மேஜை அறைக்குள் போட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு என் நாவலையே எடுத்துப் புரட்டினேன். அவள் தலையில் பதினான்கு இடங்களில் பூ வைத்திருக்கிறேன். இரண்டு இடங்களில் கண்ணீரைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். புடவையின் நிறம் ஏழு இடங்களில் வருகிறது. பணம் ஓரிடத்தில்கூட இல்லை. அவளிடம் ஒரு பர்ஸ் இருந்ததாக நான் எழுதவே இல்லை.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போடத் தெரியவில்லை என்பதே உண்மை.

இப்படியிருக்கையில் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தலையணை கனத்தில் ஒரு சித்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே என்ற ஊரில் 2014-ஆம் வருஷம் ஆரம்பமான ஒரு பெரிய கண்காட்சியை ஒட்டி வெளிவந்த புத்தகம் அது. லின் ஹெர்ஷ்மன் லீஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி சுமார் அரை நூற்றாண்டாகச் செய்து வந்த வேலைகள் எல்லாம் அதில் இருந்தன. டிஜிட்டல் கலை என்று இன்று நாம் கூப்பிடுகிறோமே, அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். எனக்கு அந்தத் துறையில் ஞானம் கிடையாது. கம்ப்யூட்டரில் கதையைத் தட்டுவதற்கே பேரனின் தயவு வேண்டியிருக்கிறது. சும்மா படம் பார்ப்போம் என்றுதான் புரட்டினேன். ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

ஒரு பெண்ணின் முகம், புகைப்படம். அதன்மேல் சாயம் தீட்டியிருக்கிறது. வீடு கட்டுகிற மேஸ்திரியின் பிளானில் இருப்பதுபோல, முகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் போட்டிருக்கிறது. ஓரத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கம். கன்னத்துக்கு இன்ன கம்பெனி, இன்ன நிறம். கண் இமைக்கு இன்ன மை. உதட்டை முதலில் பிரஷ்ஷால் கோடிட்டுக்கொண்டு பிறகு சாயத்தை நிரப்பவேண்டும். தலைக்குப் பொன்னிற டோப்பா. உடம்புக்கு 7 டாலர் 98 சென்ட் விலையுள்ள மூன்று உருப்படி உடுப்பு. அந்தப் பெண்ணின் பெயர் ராபர்ட்டா பிரைட்மோர்.

உடுப்பின் விலையைப் பார்த்ததும் எனக்குத் தபாலாபீஸ் அம்மாளின் ஞாபகம் வந்தது. இந்தப் பெண்ணுக்கு யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள்!

ராபர்ட்டா என்று ஒருத்தி உலகத்தில் பிறக்கவில்லை. லின் ஹெர்ஷ்மன் உண்டாக்கிய பாத்திரம் அவள். ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் சிறுகதை ஒன்றிலிருந்து அவளுடைய பெயரை எடுத்தார்கள். ஆனால் கதைக்குள் வாழ்வதற்காக அல்ல. 1973-லிருந்து 1978 வரை ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துத் தெருக்களில் அவள் நடமாடினாள், பஸ்ஸில் ஏறினாள், கடைக்குப் போனாள், மனோதத்துவ டாக்டரிடம் போய்த் தன் கஷ்டங்களைச் சொன்னாள். அவளுக்கென்று ஒரு நடை, ஒரு கையெழுத்து. இதெல்லாம் நடிகர்கள் செய்யக்கூடியதுதான். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. அவளுக்கு ஒரு டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. பாங்கியில் கணக்கு இருந்தது. அவள் பெயர் அச்சிட்ட செக் புத்தகம் இருந்தது. கிரெடிட் கார்டு இருந்தது. அந்த லைசென்ஸும் செக்கும் இன்று கலைப் பொருள்களாகக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

என் தாத்தா காலத்து நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். விடிய விடிய வள்ளியாக நின்று ஊரையே மயக்குவார்களாம். ஆனால் விடிந்து அரிதாரத்தைக் கழுவினால் வள்ளி போய்விடுவாள். வாடகை கேட்டு யாரும் வள்ளியின் கதவைத் தட்டுவதில்லை. பிரெஞ்சுக் கலைஞர் மார்ஸெல் தூஷான் 1920-வாக்கில் பெண் வேஷம் போட்டுக்கொண்டு, வேறு பெயர் சூட்டிக்கொண்டு படம் பிடித்துக்கொண்டார். அதுவும் ஒரு சாமர்த்தியமான வேடிக்கைதான். ராபர்ட்டா விஷயம் அப்படியல்ல. அவளை ஒரு சர்க்கார் ஆபீஸ் நம்பியது. ஒரு பாங்கி நம்பியது.

இந்த இடத்தில் அந்தக் காலத்து அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அமெரிக்கப் பெண்கள் என்றால் எல்லாச் சுதந்திரமும் பெற்றவர்கள் என்று நாம் நினைக்கிறோம். 1970-களின் தொடக்கத்தில் அங்கே கல்யாணமான பெண் கடனுக்கோ கிரெடிட் கார்டுக்கோ விண்ணப்பித்தால், புருஷனின் கையெழுத்து எங்கே என்று கேட்பது சர்வ சாதாரணம். தனியாக இருக்கும் பெண்ணானால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பெண் என்பதற்காகவோ, மணமானவள், ஆகாதவள் என்பதற்காகவோ கடன் வசதியை மறுக்கக்கூடாது என்ற சட்டம் 1974-ஆம் வருஷத்தில்தான் வந்தது. சந்திரனில் மனிதன் கால் வைத்து ஐந்து வருஷம் கழித்து! ராபர்ட்டாவின் ஆயுள் அந்தச் சட்டத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னுமாக அமைந்தது.

இனி, அவளை உண்டாக்கியவரைப் பற்றி.

லின் 1941-இல் ஒஹாயோ மாகாணத்தில் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். கல்யாணமாகிக் கலிபோர்னியாவில் இருந்தபோது, 1965-இல், கர்ப்பமாக இருந்த சமயத்தில் இருதயம் பழுதாகிப் படுக்கையில் விழுந்தார். பிராணவாயுக் கூடாரத்துக்குள் வாரக் கணக்கில் அசையாமல் கிடந்தார். அந்தக் கூடாரத்துக்குள் கேட்ட ஒரே சத்தம் அவருடைய மூச்சுத்தான். அடுத்த மூச்சு வருமா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கிடந்த மனுஷி, பிழைத்து எழுந்ததும் என்ன செய்தார் தெரியுமா? மெழுகில் தம் முகத்தையே அச்செடுத்து, டோப்பா மாட்டி, அதோடு ஒரு டேப் ரிக்கார்டரைப் பொருத்தினார். யாராவது கிட்டே போனால் அந்த முகம் மூச்சு விடும், இருமும், சில முகங்கள் கேள்விகூடக் கேட்கும்.

1972-இல் பெர்க்லி சர்வகலாசாலையின் கலைக்கூடத்தில் இவற்றைக் காட்சிக்கு வைத்தார். அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போடுவது கலையாகாது, கலைக்கூடத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லிக் காட்சியை மூடிவிட்டார்கள். மூச்சு விடுகிற பெண்ணைவிட விடாத பெண்ணே கலைக்கூடத்துக்கு வசதி என்று நினைத்தார்களோ என்னவோ!

அந்தக் காலத்தில் பெண்களின் ஓவியங்களைப் பற்றி எழுத விமர்சகர்கள் முன்வருவதில்லை. விமர்சனம் வராவிட்டால் காலரிக்காரர்கள் கதவைத் திறப்பதில்லை. லின் இதற்கும் ஒரு வழி கண்டார். மூன்று விமர்சகர்களைத் தாமே சிருஷ்டித்தார். ப்ரூடன்ஸ் ஜூரிஸ் என்று ஒருத்தி, ஹெர்பர்ட் குட் என்று ஒருவர், கே அபாண்டன் என்று மூன்றாவது. மூன்று பேரும் மூன்று தினுசாக எழுதுவார்கள். ஒருவர் லின்னைப் புகழ்வார், இன்னொருவர் மறுப்பார். அவை நிஜமான கலைப் பத்திரிகைகளில் அச்சாகி வெளிவந்தன. அந்தத் துணுக்குகளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்க் காலரிக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. நம்மில் எத்தனை எழுத்தாளர்களுக்கு இந்த யோசனை தோன்றியிருக்கும், தைரியந்தான் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தோன்றியிருக்கிறது.

கலைக்கூடம் மூடிவிட்டால் என்ன, ஊரில் ஓட்டல் இல்லையா? 1973-இல் லின்னும் அவருடைய தோழி எலினர் கப்போலாவும் (சினிமா டைரக்டர் பிரான்ஸிஸ் போர்டு கப்போலாவின் மனைவி) ஸான் பிரான்ஸிஸ்கோவில் தாந்தே ஓட்டல் என்ற மலிவான விடுதியில் ஆளுக்கோர் அறை எடுத்தார்கள். லின்னுடைய அறையில் கட்டிலில் மெழுகு முகங்களோடு இரண்டு பெண் உருவங்கள் படுத்திருந்தன. மேஜையில் புத்தகம், மூக்குக் கண்ணாடி, அழகு சாதனங்கள். ஒளித்து வைத்த ஒலிநாடாவில் மூச்சுச் சத்தம். யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், கீழே மேஜையில் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்ப் பார்க்கலாம். இப்படி மாதக் கணக்கில் நடந்தது. ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு ஒருவர் போய்க் கதவைத் திறந்தார். கட்டிலில் கிடந்தவற்றைப் பிணங்கள் என்று நினைத்து அலறியடித்துப் போலீஸுக்குச் சொல்லிவிட்டார். போலீஸார் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். அதோடு காட்சி முடிந்தது. இதைவிடச் சரியான முடிவை நான் உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது.

ராபர்ட்டா ஊருக்கு வந்ததும் இதே தாந்தே ஓட்டலுக்குத்தான். பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளிடம் இருந்த சேமிப்பு 1,800 டாலர்.

இந்தத் தொகையைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன். என் கதாநாயகி எழும்பூரில் இறங்கியபோது நான் அவள் கண்ணைப் பார்த்தேன், கால் கொலுசைப் பார்த்தேன், பெட்டியைக்கூடப் பார்த்தேன். பெட்டிக்குள் எத்தனை ரூபாய் இருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. ஓர் ஆண் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பியிருந்தால் முதல் வரியிலேயே அதை எழுதியிருப்பேன். "சட்டைப் பையில் பதினேழு ரூபாய் இருந்தது" என்று ஆரம்பிக்காத வாலிபன் என் கதைகளில் உண்டா?

ராபர்ட்டா பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தாள். அறையில் உடன் தங்க ஆள் தேவை என்று விளம்பரம். பதில் எழுதியவர்களை நகரத்தின் நடுவே உள்ள யூனியன் ஸ்குவேர் போன்ற பொது இடங்களில் சந்தித்தாள். வந்தவர்களில் சிலர் உண்மையிலேயே தங்க இடம் தேடியவர்கள்; சிலர் தேடியது வேறு. தூரத்திலிருந்து ஒரு புகைப்படக்காரர் இந்தச் சந்திப்புகளைப் படம் பிடித்தார். அந்தப் படங்களில் ராபர்ட்டா முதுகைக் காட்டிக்கொண்டோ, பாதி முகம் தெரியவோ நிற்கிறாள். மஞ்சள் டோப்பா மட்டும் எங்கே இருந்தாலும் தெரிகிறது. ஒரு சமயம் அவளைக் கெட்ட தொழிலில் இழுத்துவிடவே ஒருவன் முயன்றிருக்கிறான். வேஷத்தைக் கலைத்துக்கொண்டு லின்னாகத் தப்பி வரவேண்டியதாயிற்று.

இங்கே என் மனத்தில் ஒரு நெருடல் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தை நம்பி வந்தவர்களில் நல்லவனும் இருந்திருப்பானே? ஊருக்குப் புதிது, தனிமை, பாதி வாடகையில் ஓர் அறை கிடைத்தால் தேவலை என்று வந்தவன். தன்னோடு பேசுகிற பெண் ஒரு பாத்திரம் என்று தெரியாமலே தன் சொந்தக் கதையைச் சொன்னவன். அவனைக் கேட்காமலே படம் எடுத்தாயிற்று. கலைக்காக என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? நான் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை, அவர்களைக் கேட்காமல், பெயரை மட்டும் மாற்றித் தொடர்கதையாக எழுதிப் பணம் வாங்கியவன் நான். ஆகையால் இந்த விஷயத்தில் என் குரல் கொஞ்சம் தாழ்ந்தே ஒலிக்கிறது.

ராபர்ட்டாவின் வாழ்க்கை சந்தோஷமாக இல்லை. வருஷம் ஆக ஆக அவளுக்கு மனச்சோர்வு. உடம்பு இளைக்கவேண்டும் என்று அதற்கான சங்கத்தில் சேர்ந்தாள். பெண் எப்படி இருக்கவேண்டும் என்று பத்திரிகைகளும் விளம்பரங்களும் சொல்லினவோ அப்படியெல்லாம் இருக்கப் பார்த்தாள். பொன்னிற முடி, உதட்டுச் சாயம், மெலிந்த உடம்பு, பணிவான பேச்சு. சொன்னபடி எல்லாம் செய்தும் அவளுக்கு வந்து சேர்ந்தது அவமானந்தான். இது லின்னுடைய சொந்தத் துரதிர்ஷ்டமோ என்று பார்ப்பதற்காகவோ என்னவோ, பிற்பகுதியில் அதே டோப்பாவையும் அதே உடுப்பையும் வேறு மூன்று பெண்களுக்கு அணிவித்து ராபர்ட்டாக்களாக அனுப்பினார். அவர்களுக்கும் அதே அனுபவந்தான். ஆள் மாறினாலும் உடுப்புக்குக் கிடைக்கிற மரியாதை மாறவில்லை.

1978-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் டி யங் கலைக்கூடத்தில் ராபர்ட்டாவைப் பற்றிக் கண்காட்சி நடந்தது. "லின் ஹெர்ஷ்மன் ராபர்ட்டா பிரைட்மோர் அல்ல" என்பது அதன் தலைப்பு. ராபர்ட்டாவைப் போல உடுத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு போட்டியும் வைத்தார்கள். ஊரே ராபர்ட்டாவாகிவிட்ட பிறகு அவளுக்கு என்ன வேலை? அதே வருஷம் இத்தாலியில் பெர்ராரா என்ற ஊரில், வைர மாளிகை என்று பெயர் பெற்ற பழைய அரண்மனையில், பேயோட்டுகிற சடங்கு மாதிரி ஒரு சடங்கு நடத்தி அவளை வழியனுப்பினார்கள். பெர்ராரா, லுக்ரேசியா போர்ஜியாவை அடக்கம் செய்த ஊர். அப்பனும் அண்ணனும் தங்கள் அரசியலுக்காக மூன்று முறை கல்யாணம் செய்து வைத்து, கடைசியில் விஷக்காரி என்ற பழியும் அவள் தலையில் விழுந்தது. ராபர்ட்டாவுக்குப் பொருத்தமான துணைதான்.

இந்தக் கட்டுரையை இங்கே வரை எழுதிவிட்டுத் திருப்பிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. லின்னை 'அவர்' என்று எழுதுகிறேன். ராபர்ட்டாவை 'அவள்' என்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. பேனா தானாகவே அப்படிப் பிரித்துக்கொண்டது. உயிரோடு இருக்கும் பெண்மணிக்கு மரியாதை. கதைக்குள் வந்துவிட்டால் அது போய்விடுகிறது. என் நாவலில் கதாநாயகி பள்ளிக்கூடத்து ஆசிரியை. நேரில் பார்த்தால் எழுந்து நின்று 'வாருங்கள் டீச்சர்' என்று சொல்லியிருப்பேன். முந்நூறு பக்கமும் அவளை 'அவள்' என்றே எழுதியிருக்கிறேன். மாற்றி எழுதினால் காதில் ஒட்டுமா என்று ஒரு பாரா எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தவறு யாருடைய காதில் என்றுதான் தெரியவில்லை.

ராபர்ட்டா போனபின் லின் மெழுகை விட்டு யந்திரத்துக்கு வந்தார். 1983-ஐ ஒட்டி அவர் செய்து முடித்த 'லோர்னா' கலை உலகத்துக்கே புதிது. வீடியோ டிஸ்க் என்று அப்போது வந்திருந்த பளபளப்பான தட்டில் பதிவு செய்த கதை. லோர்னா என்ற பெண் தன் அறையை விட்டு வெளியே வரப் பயப்படுகிறவள். டெலிவிஷனும் டெலிபோனுந்தான் அவளுக்கு உலகம். டெலிவிஷன் செய்திகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் அதிகமாகிறது. பார்க்க வருகிறவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, லோர்னாவின் கையில் இருப்பது போன்ற ரிமோட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும். அறையில் உள்ள சாமான் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மீன் தொட்டியை அமுக்கினால் ஒரு துண்டுக் கதை. டெலிபோனை அமுக்கினால் இன்னொன்று. அவளுடைய பணப்பைக்கும் ஓர் எண் உண்டு என்பதைத் தபாலாபீஸ் அம்மாளுக்காகக் குறிப்பிடுகிறேன்.

இன்று குழந்தைகள்கூட இப்படி அமுக்கி விளையாடுகின்றன. அன்று அது புதுமை. கதை எந்த வழியில் போவது என்பதை வாசகரே முடிவு செய்கிறார். முடிவும் மூன்று. ஒன்றில் லோர்னா டெலிவிஷன் பெட்டியைச் சுட்டுவிடுகிறாள். ஒன்றில் தற்கொலை செய்துகொள்கிறாள். மூன்றாவதில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் குடிபோகிறாள். ஸான் பிரான்ஸிஸ்கோக்காரர்களுக்கு மூன்றிலும் மோசமானது இந்த மூன்றாவதுதான் என்று லின் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். கும்பகோணத்துக்காரர்களுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் நடுவே உள்ள சமாசாரம் தெரிந்தவர்களுக்கு இந்த ஹாஸ்யம் புரியும்.

லோர்னாவை எண்ணும்போது எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய தலைவிதியைத் தேர்ந்தெடுப்பவர், அவள் எதைக் கண்டு பயந்தாளோ அதன் இடத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்? நாவலாசிரியனின் நாற்காலியும் அதுதான்.

1984-இல் லின் வீடியோ காமிராவைத் தம் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கல்யாணம் முறிந்தது, உடம்பு பருத்தது, குழந்தைப் பருவத்தில் வீட்டுக்குள்ளேயே அடி உதை பட்டது, எல்லாவற்றையும் சொன்னார். அப்படிப் பல வருஷங்கள் பதிவு செய்ததற்கு 'மின்னணு நாட்குறிப்புகள்' என்று பெயர். ராபர்ட்டாவுக்கு ஏன் சுகம் கிடைக்கவில்லை என்பது இதைப் பார்த்தால் ஒருவாறு விளங்கும். இருபது வருஷம் மற்றவர்களின் முகங்களைச் செய்து பழகிய பிறகுதான் சொந்த முகத்தோடு பேச முடிந்திருக்கிறது.

1990-களில் இன்டர்நெட் வந்ததும் ராபர்ட்டா மறுபடியும் பிறந்தாள், பொம்மையாக. கண்ணில் காமிரா பொருத்திய பொம்மை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் கம்ப்யூட்டர் மூலம் அதன் தலையைத் திருப்பலாம். அதன் கண்ணால் கலைக்கூடத்தில் நிற்பவர்களைப் பார்க்கலாம். பொம்மையைப் பார்க்க வந்தவர்கள் பார்க்கப்படுகிறவர்களாக ஆகிவிடுகிறார்கள். அதற்கடுத்துத் தட்டெழுத்தில் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லும் 'ஏஜென்ட் ரூபி' என்ற பெண். 2002-இல் இன்டர்நெட்டுக்கு வந்தவள். யந்திரத்தோடு பேசுவது இன்று வீட்டுக்கு வீடு சகஜமாகிவிட்டது. அந்த யந்திரங்களில் பலவற்றுக்குப் பெண் குரலை வைத்திருப்பதும் சகஜமாகிவிட்டது. ரூபியோடு ஜனங்கள் பேசியவற்றை 2013-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நவீனக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். மூகமூடி இல்லாத முகம் எதிரே இல்லாவிட்டால் மனிதர்கள் என்னவெல்லாம் கேட்பார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

1997-இல் அவர் எடுத்த சினிமா ஒன்றுக்கு நாயகி ஏடா லவ்லேஸ் சீமாட்டி. ஏடா, கவி பைரனின் மகள். 1815-இல் பிறந்து 1852-இல் முப்பத்தாறாவது வயதில் இறந்தவர். சார்லஸ் பாபேஜ் மனத்தில் கட்டி வைத்திருந்த கணித யந்திரத்தைப் பற்றி வந்த ஒரு கட்டுரையை 1843-இல் மொழிபெயர்த்து, கட்டுரையைவிட மிக நீளமான குறிப்புகளைத் தாமே எழுதிச் சேர்த்தார். யந்திரம் எண்களோடு நில்லாமல் சங்கீதத்தைக்கூட ஒருநாள் இயற்றக்கூடும் என்று அந்தக் குறிப்புகளில் எழுதினார். கீழே அவர் போட்ட பெயர் ஏ. ஏ. எல். அவ்வளவுதான், மூன்று எழுத்து. முழுப் பெயர் போட்டால் ஒரு பெண் எழுதியது என்று தெரிந்துவிடுமே!

பெயரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. லின் 1960-களிலிருந்தே பெண் கலைஞர்களைப் பேட்டி கண்டு படச்சுருளில் சேர்த்து வந்தார். நாற்பது வருஷத்துச் சேகரிப்பை 2010-இல் ஒரு படமாக்கி வெளியிட்டார். தொடக்கத்தில், கலைக்கூடத்துக்கு வருகிற ஜனங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: மூன்று பெண் ஓவியர்களின் பெயர் சொல்லுங்கள். பெரும்பாலோர் ப்ரிடா காலோ என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு விழிக்கிறார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே சோதித்துப் பார்த்தேன். ப்ரிடா காலோ, அம்ரிதா ஷெர்கில். மூன்றாவதாக லின்னையே சொல்லிக்கொண்டு தப்பினேன். ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் அதுவும் கிடையாது.

அவருக்குப் பெருமை வந்தது தாமதமாகத்தான். கார்ல்ஸ்ரூஹே கண்காட்சியின்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. அதில் வைத்த பொருள்களில் பல அதுவரை பெட்டிக்குள்ளேயே கிடந்தவை. நியூயார்க் நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் முதல் முதலாக அவருக்கென்று தனிக் கண்காட்சி நடந்தது 2021-இல், வயது எண்பது. மறு வருஷம் வெனிஸ் நகரத்து உலகக் கலைக் கண்காட்சியில் நடுவர்கள் அவரைத் தனியாகக் குறிப்பிட்டுக் கௌரவித்தார்கள். வைன் மட்டுமல்ல, பெண்களும் பழசானால்தான் கலை உலகத்துக்கு ருசிக்கிறது போலும்.

புத்தகத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுத்த வாரத்தில் பதிப்பாளர் டெலிபோன் செய்தார். என் நாவல் மறுபதிப்பாகப் போகிறது, திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு புதிய அத்தியாயம் எழுதிச் சேர்த்தேன். பள்ளிக்கூடச் சம்பளத்தில் மாதம் ஐந்து ரூபாய் வீட்டுக்குத் தெரியாமல் எடுத்து வைக்கிறாள். ஒருநாள் மத்தியான்ன இடைவேளையில் தபாலாபீஸுக்குப் போய்த் தன் பெயரில் கணக்கு ஆரம்பிக்கிறாள். பாஸ் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். எழுதி முடித்ததும் அந்த அத்தியாயத்தை நகலெடுத்து, இத்தனை வருஷம் பதில் எழுதாததற்கு மன்னிப்பும் கேட்டு, அந்த அம்மாளுக்கு அனுப்பி வைத்தேன்.

பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. அதே மணி மணியான கையெழுத்து. வயது ஏறியதால் சற்றே நடுக்கம் தெரிந்தது.

"அத்தியாயம் கிடைத்தது. பணம் அகப்பட்டதில் சந்தோஷம். கணக்குத் திறப்பதென்றால், இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று ஒருவர் அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். தகப்பனாருக்கும் தமையனாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் போட்டது யார்?"

பதிப்பாளரிடம் இன்னும் பதினைந்து நாள் தவணை கேட்டிருக்கிறேன். நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படித்து வருகிறேன். தலைமையாசிரியை ஒருவர் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு தடவை வந்து போகிறார். அவருக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை.